சுவரில் தொங்கும் பழைய தாள்கள்: காகித எந்திரக் காப்புரிமைகளும் ‘யாருக்கும் தோன்றியிருக்கும்’ என்ற வாதமும்

ஒரு பட்டறை. அந்தத் தொழிலில் அதுவரை வெளியான காப்புரிமை ஆவணங்களெல்லாம் அதன் நான்கு சுவர்களிலும் வரிசையாகத் தொங்குகின்றன. நடுவே ஒருவர் தம் எந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். ஏதோ ஒன்று பிடிமானமாக நிற்க மறுக்கிறது. நிமிர்ந்து சுவரைப் பார்க்கிறார். விடை அங்கேயே தொங்குகிறது. எடுத்துப் பொருத்திவிடுகிறார். இவருக்குக் காப்புரிமை தரலாமா?

அமெரிக்காவின் சுங்க, காப்புரிமை மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 1966-இல் நீதிபதி ஜைல்ஸ் ரிச் வரைந்து காட்டிய காட்சி இது. வழக்கு வின்ஸ்லோ என்பவருடையது. பிளாஸ்டிக் பைகளில் பொருள் நிரப்ப உதவும் எந்திரம் ஒன்றுக்கு அவர் விண்ணப்பித்திருந்தார். பைகளை அடுக்கி வைக்க வேண்டும், மேலே இருக்கும் பையின் வாயைக் காற்றை ஊதித் திறக்க வேண்டும், நிரப்பியதும் உருவி எடுக்க வேண்டும். கெர்பி என்பவரின் பழைய எந்திரமும் இதைத்தான் செய்தது. அதில் பைகளின் மடல்களை இரண்டு தகடுகள் ஸ்பிரிங் அழுத்தத்தில் கவ்விப் பிடித்திருந்தன. வின்ஸ்லோ புதிதாகச் சேர்த்தது இரண்டு முளைகள். மடலில் துளையிட்டு அவற்றில் பைகளை மாட்டினார். பை நழுவாது.

ஆனால் ஹெல்மன் என்பவரின் இன்னொரு பழைய ஆவணத்தில், மடலில் துளையிட்ட காகித உறைகள் ஒரு கம்பியில் கோக்கப்பட்டு இருந்தன. பட்டறையில் நிற்கும் மனிதர் சுவரில் அதைப் பார்த்ததும், “ஆ! என் பைகளிலும் துளை போட்டு ஒரு சின்னக் கம்பியைச் செருகிவிடலாமே” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டிருப்பார் என்று ரிச் எழுதினார். தொழில் தெரிந்த எவருக்கும் எளிதில் தோன்றியிருக்கும் மாற்றத்துக்குக் காப்புரிமை கிடையாது. ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது சரிதான் என்று தீர்ப்பானது.

காட்சி அழகாக இருக்கிறது. அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சுவரில் அந்தத் தாள்களை மாட்டியவர் யார்? மாட்டும்போது அவருக்கு விடை தெரிந்திருந்ததா? தாள்களைக் கையாளும் எந்திரங்கள் பற்றிய வழக்குகளைப் படிக்கப் படிக்க, வாதப் பிரதிவாதமெல்லாம் சுற்றிச் சுற்றி இந்தக் கேள்வியிடமே வந்து நிற்பதைப் பார்க்கிறேன்.

இந்தத் தொழிலில் இந்தச் சண்டை இவ்வளவு அடிக்கடி வருவதற்கு ஒரு காரணம் உண்டு. தாளை நகர்த்துவதற்கு மனிதன் கண்டுபிடித்த வழிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ரப்பர் உருளையால் உரசி இழுக்கலாம், காற்றால் உறிஞ்சித் தூக்கலாம், காற்றை ஊதிப் பிரிக்கலாம், பற்களால் கவ்வலாம், இரண்டு பெல்ட்டுகளுக்கு நடுவே வைத்துக் கடத்தலாம். அச்சு எந்திரம், ஜெராக்ஸ் எந்திரம், தபால் பிரிக்கும் எந்திரம், பணம் எண்ணும் எந்திரம், ஏடிஎம் எல்லாமே இந்தச் சில வழிகளின் கலவைதான். உறுப்பு என்று பார்த்தால் எதுவும் புதிது கிடையாது. எதையும் “பழையது இரண்டைச் சேர்த்தது” என்று சொல்லிவிட முடியும்.

தாளோ பொல்லாதது. அச்சகத்தில் ரீமைப் பிரித்ததும் ஓரத்தைப் பிடித்து விசிறிவிட்டுத்தான் ஃபீடரில் ஏற்றுவார்கள். இல்லாவிட்டால் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போகும். இதே தொல்லைக்கு நகல் எந்திரங்களில் உள்ள தீர்வைப் பாருங்கள். மேல் உருளை தாளை முன்னே இழுக்கிறது. கீழே இருக்கும் ‘எதிர் உருளை’ எதிர்த்திசையில் சுழலப் பார்க்கிறது, ஆனால் அந்த விசைக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரே தாள் வந்தால் மேல் உருளையின் பிடி அந்த வரம்பை மீறிவிடும், கீழ் உருளையும் சேர்ந்து முன்னோக்கி உருளும். இரண்டு தாள் வந்தால் நடுவில் காகிதத்துக்கும் காகிதத்துக்கும் உள்ள உராய்வுதான் மிச்சம். அது பலவீனமானது. வரம்பை மீற அதனால் முடியாது. கீழ்த்தாள் திரும்பிப் போய்விடும். உருளைக்கும் தாளுக்கும் உள்ள உராய்வு, தாளுக்கும் தாளுக்கும் உள்ள உராய்வைவிட எப்போதும் கூடுதலாக இருக்க வேண்டும் என்ற ஒரே விதியில் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. மழைக்காலத்தில் ஈரம் ஏறினாலோ, வறண்ட அறையில் நிலைமின் ஏறினாலோ, ரப்பரில் தூசி படிந்தாலோ அந்த விதி ஆட்டம் காணும். ஆகவே ஒரு பொறியாளர் இரண்டு ஆண்டு திண்டாடிக் கண்டுபிடிப்பது, காகிதத்தில் எழுதும்போது “உருளையின் கோணத்தைச் சற்று மாற்றுதல்” என்று ஒரே வரியாகச் சுருங்கிவிடும். படிப்பவருக்கு ‘இதில் என்ன இருக்கிறது’ என்று தோன்றும்.

அப்படித் தோன்றிய ஒரு வரிக்காக அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன வழக்குதான் ஐபெல். 1923-இல் தீர்ப்பானது. அதில் வெட்டிய தாள் கிடையாது, தாளே உருவாகும் எந்திரம். ஆனாலும் இந்தத் துறையின் அத்தனை வழக்குகளுக்கும் அடியில் இந்தத் தீர்ப்பு ஓடிக்கொண்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

வில்லியம் ஐபெல் விஸ்கான்சின் மாநிலத்தில் ரைன்லாண்டர் ஊர்க் காகித ஆலையில் மேற்பார்வையாளர். அங்கே இருந்தது ஃபோர்ட்ரினியர் எந்திரம். பெரும்பங்கு தண்ணீரும் சிறிதளவு நாரும் கலந்த கூழ், ஓடிக்கொண்டிருக்கும் கம்பி வலையின்மேல் விழும். தண்ணீர் வலைக்குக் கீழே வடிய, நார்கள் பின்னிப் படிந்து தாளாகும். எந்திரத்தின் வேகத்தைக் கூட்டினால் தாள் கெட்டது. மேற்பரப்பில் சிற்றலைகள் எழுந்து, கனம் ஒரு சீராக இல்லாமல் போனது. எல்லா ஆலைகளுக்கும் இந்தத் தொல்லை இருந்தது. எல்லாரும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு காலம் தள்ளினார்கள்.

ஐபெல் காரணத்தைக் கண்டார். வலை வேகமாக ஓடுகிறது, அதன்மேல் விழும் கூழ் மெதுவாக ஓடுகிறது. தாள் உருவாகும் அந்த முக்கியமான இடத்தில் வலை கூழை இழுத்துக்கொண்டு ஓடுவதால்தான் அலை எழுகிறது. அப்படியானால் கூழும் வலையின் வேகத்திலேயே ஓட வேண்டும். அதற்கு அவர் செய்தது, கூழ் விழும் பக்கத்தில் வலையை உயர்த்தியது. சரிவில் தண்ணீர் தானே வேகம் பிடிக்கும். அவ்வளவுதான். அவருக்கு முன்பும் வலையைச் சரித்து வைத்திருந்தார்கள், சில அங்குலம் மட்டும், அதுவும் தண்ணீர் வடிவதற்காக. இவர் ஓர் அடி அளவுக்கு உயர்த்தினார். 1907-இல் காப்புரிமை கிடைத்தது.

எதிர்த்தரப்பான மின்னசோட்டா அண்ட் ஒன்டாரியோ காகித நிறுவனத்தின் வாதத்தை ஊகிப்பது சுலபம். சரிவு பழையது, தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும் என்பது அதைவிடப் பழையது. இதில் கண்டுபிடிப்பு எங்கே? மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பக்கம் சாய்ந்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. தலைமை நீதிபதி டாஃப்ட் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: தெரிந்த தொல்லைக்குத் தெரிந்த சரிவைப் பூசியதோடு நின்றிருந்தால் அது கண்டுபிடிப்பு ஆகியிருக்காது. தொல்லையின் மூலம் எங்கே என்று அதுவரை யாருக்கும் தெரியாதிருந்தது, அதைக் கண்டதும் அதற்கு மருந்து போட்டதும் சேர்ந்ததுதான் கண்டுபிடிப்பு.

இப்போது வின்ஸ்லோவையும் ஐபெலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இருவரும் பழைய உறுப்பையே எடுத்தார்கள், இருவருடைய மாற்றமும் ஒரு சிறுவன்கூடப் புரிந்துகொள்ளக்கூடியது. ஒருவர் தோற்றார், ஒருவர் வென்றார். வின்ஸ்லோவுக்குத் தொல்லை கண்ணெதிரே இருந்தது: பை நழுவுகிறது, இன்னும் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். அந்தக் கேள்வியோடு சுவரைப் பார்க்கிற எவர் கண்ணிலும் ஹெல்மனின் கம்பி பட்டுவிடும். ஐபெலின் பட்டறையிலும் சரிவு பற்றிய ஆவணம் சுவரில் தொங்கத்தான் செய்தது. ஆனால் அதன்மேல் ‘வடிகாலுக்கு’ என்று எழுதியிருந்தது. அலையால் அவதிப்படுகிறவர் வடிகால் ஆவணத்தை ஏன் எடுத்துப் பார்க்கப்போகிறார்? கேள்வி தெரியாதபோது சுவரில் விடை இருந்தும் பயனில்லை.

ஐபெல் காலத்தில் ‘எளிதில் தோன்றக்கூடியது’ என்ற சொல்லே அமெரிக்கச் சட்டத்தில் இல்லை. ‘கண்டுபிடிப்பு’ இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். அந்தக் கேள்வி 1851-இல் களிமண் கதவுக் குமிழ் பற்றிய ஹாட்ச்கிஸ் வழக்கிலிருந்து வந்தது. 1952-இல் வந்த புதிய சட்டத்தின் 103-ஆம் பிரிவுதான் அளவுகோலை எழுத்தில் வைத்தது: அந்தத் தொழில் தெரிந்த சராசரி ஒருவருக்கு, கண்டுபிடிப்பு நடந்த காலத்தில், அது எளிதில் தோன்றியிருக்குமா? அந்தச் சட்டத்தை வரைந்த இருவரில் ஒருவர், பிற்பாடு சுவர்க் காட்சியை எழுதிய அதே ஜைல்ஸ் ரிச். வின்ஸ்லோ தீர்ப்பு வந்த அதே 1966-இல் உச்ச நீதிமன்றமும் கிரஹாம் வழக்கில் வழிமுறையைச் சொன்னது. பழைய ஆவணங்கள் எதைச் சொல்கின்றன, புதியதற்கும் அவற்றுக்கும் என்ன வேறுபாடு, அந்தத் தொழிலில் சராசரித் திறமை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சந்தை வெற்றி, நெடுநாள் தீராத தேவை, பிறர் முயன்று தோற்றது ஆகியவற்றையும் எடைபோடலாம்.

ரிச் தம் காட்சி தவறாகப் பயன்படுவதைக் கவனித்திருக்க வேண்டும். 1971-இல் ஆன்டில் வழக்கில் அதற்கு ஒரு வேலி போட்டார். தம் துறையின் ஆவணங்கள் முழுவதும் கண்டுபிடிப்பாளருக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம். வெளித்துறை ஆவணங்கள் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. தம் சிக்கலுக்கு நியாயமாகத் தொடர்புள்ளதைத் தேடி எடுக்கும் திறமை உண்டு என்று மட்டும் கருதலாம். ஆகவே சுவரில் எதை மாட்டலாம் என்பதே முதல் சண்டையாகிறது. 1992-இல் கிளே வழக்கில், எண்ணெய்த் தொட்டிக்கான காப்புரிமைக்கு எதிராக நிலத்தடி எண்ணெய்ப் பாறை பற்றிய ஆவணத்தை மாட்டியது செல்லாது என்றார்கள். 2004-இல் பிஜியோ வழக்கில், தலைவாரும் பிரஷ்ஷுக்கு எதிராகப் பல் துலக்கும் பிரஷ்ஷை மாட்டியது செல்லும் என்றார்கள்.

2007-இல் கேஎஸ்ஆர் வழக்கு வந்தது. காரின் பெடல் பற்றியது, தாளோடு சம்பந்தமில்லை, ஆனால் எல்லா எந்திரத் துறைகளையும் உலுக்கியது. அதுவரை இரண்டு ஆவணங்களை இணைப்பதற்கு, ‘இணை’ என்று சொல்லும் ஒரு தூண்டுதலைக் காட்ட வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கறாராக இருந்தது. உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தப் பிடியைத் தளர்த்தியது. தொழில் தெரிந்த சராசரி மனிதருக்கும் சராசரிப் படைப்புத்திறன் உண்டு, அவர் தானியங்கிப் பொம்மை இல்லை என்றது.

இதைக் கனடாவோடு ஒப்பிட்டுப் பார்க்கையில் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அங்கே 1986-இல் பெலாய்ட், வால்மெட் என்ற இரண்டு பெரிய காகித எந்திர நிறுவனங்கள் மோதிக்கொண்டன. ஈரத் தாளைப் பிழியும் பகுதி பற்றிய காப்புரிமை அது. தொழில் தெரிந்த அந்தக் கற்பனை மனிதர் கைத்திறனிலும் தர்க்கத்திலும் உச்சம், ஆனால் உள்ளுணர்வோ கற்பனையோ துளியும் இல்லாதவர் என்று நீதிபதி ஹியூகசன் சித்திரித்தார். அவரே விடையை நேராக, சிரமமின்றி அடைந்திருப்பார் என்றால்தான் அது எளிதில் தோன்றக்கூடியது. கண்டுபிடிப்பாளர் நிம்மதியாகத் தூங்கலாம், அப்படிப்பட்ட அளவுகோல். அதே தீர்ப்பில், ஒன்று கண்டுபிடிக்கப்பட்டபின் ‘இதை நானே செய்திருப்பேன்’ என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்ற எச்சரிக்கையும் உண்டு. 2008-இல் ஒரு மருந்து வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் அந்தக் கறாரைக் கொஞ்சம் தளர்த்தியது. ஆனாலும் பின்புத்தியைப் பற்றிய அந்த எச்சரிக்கை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் வேறு பாதையில் போகிறது. மிக நெருங்கிய ஒரு பழைய ஆவணத்தை எடுத்து, வேறுபாட்டைக் குறித்து, அந்த வேறுபாடு எந்தத் தொழில்நுட்பச் சிக்கலைத் தீர்க்கிறது என்று வகுத்துக்கொண்டு, தொழில் தெரிந்தவர் அந்தச் சிக்கலோடு அமர்ந்தால் இந்த வழியில் போயிருப்பாரா என்று கேட்கிறார்கள். ‘போயிருக்க முடியுமா’ என்பது போதாது. இந்த வேறுபாட்டை வலியுறுத்திய அந்த அலுவலக மேல்முறையீட்டு வாரியத்தின் 1984-ஆம் ஆண்டு முடிவு (டி 2/83), அதுவரை யாரும் உணராத சிக்கலைக் கண்டறிவதே காப்புரிமைக்கு அடித்தளமாகலாம் என்றும் சொன்னது. ஐபெலின் குரல் அறுபது ஆண்டு கழித்து, அந்த அலுவலகம் இருக்கும் மியூனிக்கில் கேட்டது போல எனக்குப் படுகிறது.

கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாத இத்தகைய சாதாரண மாற்றத்துக்கு இந்தியாவில் பெயர் ‘பட்டறைச் சீர்திருத்தம்’. 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பிஸ்வநாத் பிரசாத் வழக்கில், பாத்திரத்தைக் கடைசல் எந்திரத்தில் பிடித்துச் சுழற்றும் ஒரு கருவிக்கான காப்புரிமையை ரத்துசெய்தது. பழைய உறுப்புகளைச் சும்மா பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதாது, சேர்க்கையில் கண்டுபிடிப்புத் திறன் இருக்க வேண்டும் என்பது அதன் நிலை.

இன்று இந்தச் சண்டை அதிகம் நடப்பது பணத்தாளில். ஜப்பானிய நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைகளில் ‘ஷியோருய்’ என்று ஒரு சொல் வைத்திருக்கின்றன. நோட்டு, காசோலை, சீட்டு எல்லாவற்றுக்கும் பொதுவான சொல். மொழிபெயர்ப்பில் ‘தாள் கையாளும் எந்திரம்’ என்று வருகிறது. உள்ளே பார்த்தால் ‘சேமிப்பு அலகு’, ‘கடத்தும் அலகு’, ‘அடையாளம் காணும் அலகு’ என்று எல்லாம் அலகு மயம். வேலி அகலமாக இருக்கட்டும் என்று அப்படி எழுதுகிறார்கள். அகலமாக எழுத எழுத, காப்புரிமை அலுவலக ஆய்வாளர் சுவரில் மாட்டக்கூடிய தாள்களும் பெருகுகின்றன. ‘தாள்’ என்று நீங்களே பொதுவாகச் சொல்லிவிட்டால், நகல் எந்திர ஆவணத்தைக் காட்டும்போது ‘இது நோட்டுக்கானது, அது வேறு துறை’ என்று எப்படிச் சொல்வீர்கள்? அகலத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. ஏடிஎம்மில் பணத்தையும் காசோலையையும் ஒன்றாக வாங்கும் கருவி பற்றி டீபோல்டு நிறுவனமும் நாட்டிலஸ் ஹியோசங் நிறுவனமும் மோதிய வழக்கில், 2018-இல் ‘காசோலை காத்திருப்பு அலகு’ என்ற சொல் எந்த உறுப்பைக் குறிக்கிறது என்பதே தெளிவில்லை என்று சொல்லி, அந்தச் சொல் வந்த கோரல்களை, அதாவது காப்புரிமையின் எல்லையை வரையறுக்கும் வாசகங்களை, நீதிமன்றம் செல்லாததாக்கியது.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். நோட்டு வாங்கும் எந்திரத்தில் காற்றின் ஈரத்தை அளந்து, எதிர் உருளையின் அழுத்தத்தை மாற்றும் ஏற்பாடு ஒன்றுக்கு ஒருவர் விண்ணப்பிக்கிறார். ஆய்வாளர் இரண்டு தாள்களை மாட்டுகிறார்: எதிர் உருளை கொண்ட நகல் எந்திரம் ஒன்று, ஈரம் அளக்கும் அச்சு எந்திரம் ஒன்று. ‘இரண்டையும் சேர்த்தால் இரட்டைத் தாள் குறையும், அதனால் சேர்த்திருப்பார்கள்’ என்கிறார். இந்த வாக்கியம் எந்த எந்திரத்துக்கும் பொருந்தும் என்பதுதான் இதன் கோளாறு. விண்ணப்பதாரர் அங்கே எந்திரத்தைப் பற்றியே பேச வேண்டும். நகல் எந்திரத்துக்கு வருவது ஒரே ரீமிலிருந்து பிரித்த, ஒரே கனமுள்ள மொடமொடத் தாள். நோட்டு எந்திரத்துக்கு வருவது நேற்று வங்கியிலிருந்து வந்த புது நோட்டும், மடித்து மடித்துத் துணியாகிப்போன நோட்டும், டேப் ஒட்டிய நோட்டும் ஒரே கட்டாக. பருத்தி நோட்டு ஈரத்தைக் குடிக்கும். ஆஸ்திரேலியா 1988-இல் தொடங்கிவைத்த பாலிமர் நோட்டு குடிக்காது, நிலைமின்னால் ஒட்டும். ஈரம் ஏறினால் அழுத்தத்தைக் கூட்டு என்ற அச்சு எந்திர விதி, இந்தக் கலப்புக் கட்டில் துவண்ட நோட்டைக் கிழித்துவிடும் என்று சோதனையோடு காட்டினால், ஆய்வாளரின் இணைப்பு ஆட்டம் காணும். 1984-இல் கார்டன் வழக்கில் நடந்தது இதுதான். ரத்த வடிகட்டிக்கு எதிராகப் பெட்ரோல் வடிகட்டி ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்தால் போதும் என்றார்கள். கவிழ்த்தால் அது வேலையே செய்யாது என்பதால் வாதம் விழுந்தது.

மாறாக, விண்ணப்பத்தில் இரட்டைத் தாளுக்கான காரணமே சொல்லப்படாமல் உருளையும் உணரியும் மட்டும் அடுக்கப்பட்டிருந்தால், ஆய்வாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படிப்பட்டவை வின்ஸ்லோவின் முளைகள்தான், அவற்றுக்கு இருபது ஆண்டு ஏகபோகம் தந்தால் பக்கத்துப் பட்டறைக்காரரின் கையைக் கட்டிப்போட்டது போலாகும். தவறவிடக் கூடாதது ஐபெல்களை. கேஎஸ்ஆருக்குப் பிறகு ‘சராசரிப் படைப்புத்திறன்’ என்ற சொல் அவசரக்காரர் கையில் கிடைத்த சாவியாகிவிட்டது. எந்தச் சிக்கலுக்காக அந்த மனிதர் சுவரைப் பார்த்தார் என்று கேட்காமலே கதவைத் திறந்துவிடுகிறார்கள். சிக்கலை முதலில் வகுத்துவிட்டு அதன்பிறகே இந்த வழியில் போயிருப்பாரா என்று கேட்கும் ஐரோப்பிய ஒழுங்கு, தாள் எந்திரங்களைப் பொறுத்தவரை நியாயமானது என்றே கருதுகிறேன்.

ஐபெல் வழக்கில் எதிர்த்தரப்பு கடைசியாக இன்னொரு கணையும் தொடுத்தது. கோரலில் ‘கணிசமான சரிவு’ என்று இருக்கிறது, எத்தனை அங்குலம் என்று இல்லையே? டாஃப்ட் அதையும் ஏற்கவில்லை. கூழின் நீர்ப்பதமும் எந்திரத்தின் வேகமும் ஆலைக்கு ஆலை மாறும், ஒரே எண்ணை எழுதிவைக்க முடியாது. காரணம் விண்ணப்பத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்த ஆலைக்காரர் வலைக்குப் பக்கத்தில் நின்றபடி கூழ் விழும் பக்கத்தை உயர்த்திக்கொண்டே போக வேண்டியதுதான். கூழும் வலையும் ஒரே வேகத்தில் ஓடத் தொடங்கும் இடத்தில் அலை அடங்கிவிடும்.